வீட்டுப் பெரியவர்களின் பிரஷரை அளப்பதும் கட்டுக்குள் வைப்பதும்: முழுமையான வழிகாட்டி

அப்பா, அம்மா, மாமனார், மாமியார் என்று வீட்டில் அறுபது வயதைத் தாண்டிய ஒருவரின் பிரஷரைக் கவனிக்கும் பொறுப்பு உங்கள் கைக்கு வந்திருந்தால், இது உங்களுக்காக எழுதியது. எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்பதை டாக்டர்தான் முடிவு செய்வார். ஆனால் அவர் சரியாக முடிவெடுக்கத் தேவையான தகவல் உங்கள் வீட்டில்தான் இருக்கிறது. அதைத் திரட்டிக் கொடுப்பது உங்கள் வேலை.

புதிதாகப் பொறுப்பேற்பவர்கள் பலரும் தலைகீழாக ஆரம்பிப்பதைப் பார்க்கிறேன். முதல் நாளே உப்பை நிறுத்துகிறார்கள், அப்புறம் மாத்திரையைக் கூட்டச் சொல்லி டாக்டரிடம் போகிறார்கள், சரியாக அளப்பது எப்படி என்பதைக் கடைசியில் கற்றுக்கொள்கிறார்கள். தப்பாக அளந்த எண்ணை நம்பி மாத்திரையைக் கூட்டினால், அந்தப் பெரியவர் பாத்ரூமில் தலைசுற்றி விழுவார். அதனால் கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள்.

1. ஆரம்பிக்கும் முன் தேவையானவை

முதலில் மெஷின். மேல்கையில் பட்டை சுற்றும் தானியங்கி மெஷின்தான் வேண்டும். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். மணிக்கட்டு இதயத்தின் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே கீழே போனாலும் எண் மாறிவிடும், பெரியவர்கள் கையை அப்படி அசையாமல் பிடித்திருக்க மாட்டார்கள்.

மெஷினை விட முக்கியம் பட்டையின் அளவு. தையல் டேப்பை எடுத்து, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் மேல்கையின் சுற்றளவை அளந்து குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பட்டையின் மேலேயே எத்தனை செ.மீ. கைக்கு அது பொருந்தும் என்று அச்சிட்டிருப்பார்கள். பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் இல்லாத பிரஷரைக் காட்டும். மெலிந்து போன பாட்டியின் கைக்குப் பெரிய பட்டை கட்டினால் இருக்கிற பிரஷரைக் குறைத்துக் காட்டும். பெட்டியோடு வருகிற பட்டை எல்லாருக்கும் பொருந்தும் என்று நினைத்து வாங்குவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

அடுத்து ஒரு நோட்டு. மெஷினிலேயே பழைய எண்கள் சேமிப்பாகும், ஆனால் அன்று என்ன நடந்தது என்பது அதில் இருக்காது. வீட்டில் வேறு யாராவது அதே மெஷினில் பார்த்திருந்தால் எல்லாம் கலந்தும் போகும்.

கடைசியாக ஒரு துணிப்பை. வீட்டில் அவர் சாப்பிடும் மாத்திரை, மருந்து, சூரணம், கஷாயப் பொடி, மெடிக்கலில் சொல்லி வாங்கிய வலி மாத்திரை என எல்லாவற்றையும் அட்டையோடும் டப்பாவோடும் அதில் போடுங்கள். இந்தப் பை ஆறாவது படியில் தேவைப்படும்.

2. எண்களைப் புரிந்துகொள்வது

மெஷினில் வரும் மேல் எண், இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது இருக்கும் அழுத்தம். கீழ் எண், இதயம் தளர்ந்திருக்கும்போது இருப்பது. மூன்றாவதாக வருவது நாடித்துடிப்பு.

வயதானவர்களுக்கு மேல் எண் மட்டும் ஏறி, கீழ் எண் சாதாரணமாகவோ குறைவாகவோ இருப்பது மிகவும் சகஜம். 158/70 என்பது மாதிரி. வயதாக ஆக ரத்தக்குழாய்கள், நாள்பட்ட ரப்பர் குழாய் மாதிரி விறைத்துப் போகின்றன. ரத்தம் வேகமாக வரும்போது விரிந்து கொடுப்பதில்லை, அதனால் மேல் எண் ஏறுகிறது. 'கீழ் பிரஷர் நல்லாத்தானே இருக்கு' என்று இதை விட்டுவிடக் கூடாது. இந்த வயதில் பக்கவாதமும் இதயக் கோளாறும் வரும் ஆபத்தை அதிகம் சொல்வது மேல் எண்தான்.

மருத்துவமனையில் பார்க்கும்போது 140/90, வீட்டில் அமைதியாக உட்கார்ந்து பார்க்கும்போது 135/85. சராசரி இதற்கு மேல் இருந்தால் உயர் ரத்த அழுத்தம் என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு இடத்துக்கும் அளவு வேறாக இருக்கக் காரணம் உண்டு. பலருக்கு டாக்டரைப் பார்த்தாலே பிரஷர் ஏறும். சிலருக்கு இது நேர்மாறாக நடக்கும். ஆஸ்பத்திரியில் சரியாக இருக்கும், வீட்டில் நாள் முழுக்க ஏறியிருக்கும். வீட்டில் அளந்தால்தான் இரண்டுமே பிடிபடும்.

எவ்வளவுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். திடமாக நடமாடும் 68 வயதுக்காரருக்கு மேல் எண்ணை 130-க்குக் கீழே வைக்க டாக்டர் விரும்பலாம். அடிக்கடி விழும், மெலிந்து போன 85 வயதுக்காரருக்கு 140, 150 போதும் என்று சொல்லலாம். பக்கத்து வீட்டுத் தாத்தாவின் எண்ணோடு ஒப்பிட்டுப் பயனில்லை.

'வயசாயிடுச்சு, இனிமே எதுக்கு மாத்திரை' என்ற பேச்சும் வீட்டில் வரும். 80 வயதைத் தாண்டியவர்களிடம் மட்டுமே நடத்திய 'ஹைவெட்' ஆய்வின் முடிவு 2008-ல் வந்தது. 150/80 என்ற நிதானமான இலக்கோடு மருந்து சாப்பிட்டவர்களிடம் இறப்பும் குறைந்தது, இதயச் செயலிழப்பும் குறைந்தது. வயது மருந்தை நிறுத்தக் காரணமில்லை. ஆனால் நிதானமாகக் குறைக்க வேண்டும் என்பதற்கு அது நல்ல காரணம்.

3. அளக்கும் முறை

இந்தப் படியை அவசரப்படாமல் படியுங்கள். மற்ற எல்லாமே இதன் மேல்தான் நிற்கிறது.

நேரம்: காலையில் எழுந்து, சிறுநீர் கழித்துவிட்டு, காபிக்கும் மாத்திரைக்கும் முன். மாலையில், இரவுச் சாப்பாட்டுக்கு முன். காபி, டீ, பீடி, சிகரெட், புகையிலை போட்ட வெற்றிலை, நடைப்பயிற்சி இவற்றில் எது முடிந்திருந்தாலும் அரை மணி நேரம் கழிய வேண்டும். இவை எல்லாமே கொஞ்ச நேரத்துக்குப் பிரஷரை ஏற்றும். சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தாலும் ஏறும். பெரியவர்கள் அதைச் சொல்லாமல் உட்கார்ந்திருப்பார்கள், நீங்களே கேட்டுவிடுங்கள்.

உட்காரும் இடம்: முதுகு சாயும்படியான நாற்காலி. கட்டிலின் ஓரம் வேண்டாம், சாய்வு நாற்காலியும் வேண்டாம். இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும். உயரம் குறைந்த பாட்டிகளுக்குக் கால் தொங்கும், அதற்கு ஒரு மணைப்பலகையைக் கீழே போடுங்கள். கால் மேல் கால் போடக் கூடாது. முதுகும் காலும் தாங்கலில்லாமல் இருந்தால் உடம்பு தன்னைப் பிடித்துக்கொள்ளத் தசையை இறுக்கும், அதில் எண் ஏறும்.

கை: பக்கத்தில் ஒரு மேசை, அதன் மேல் தலையணை, அதன் மேல் கை. பட்டை சுற்றிய இடம் நெஞ்சின் நடுமட்டத்துக்கு வர வேண்டும். கை தொங்கினால் எண் ஏறிக் காட்டும். நீங்கள் பிடித்துக்கொள்ளலாம், அவரே தூக்கிப் பிடிக்கக் கூடாது.

துணி: பட்டை நேராகத் தோல் மேல் இருக்க வேண்டும். சட்டைக் கையைச் சுருட்டி மேலே ஏற்றினால் அது கயிறு கட்டியது போல இறுக்கி அளவைக் கெடுக்கும். பெண்களுக்கு இது தினமும் வரும் சிக்கல், இறுக்கமான ரவிக்கைக் கை மேலே ஏறவே ஏறாது. அளக்கும் நேரத்தில் தொளதொளவென்ற கை வைத்த நைட்டியோ பழைய ரவிக்கையோ போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். கூச்சப்படும் மாமியாருக்கு மருமகளோ பேத்தியோ பார்த்துவிடுவது நல்லது. கூச்சத்தோடு உட்கார்ந்திருப்பவருக்கு வரும் எண்ணும் சரியாக இருக்காது.

பட்டை: அதன் கீழ் விளிம்பு, முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் அகலம் மேலே. குழாய் உள்ளங்கைப் பக்கமாக, கையின் உட்புறம் ஓட வேண்டும். சுற்றிய பிறகு ஒரு விரலை நுழைத்துப் பாருங்கள், லேசாக நுழைய வேண்டும்.

அமைதி: ஐந்து நிமிடம் சும்மா உட்காரட்டும். இந்த ஐந்து நிமிடத்தைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். டிவியை நிறுத்துங்கள், செல்போனைத் தள்ளி வையுங்கள். பட்டை இறுகும்போது அவர் பேசக் கூடாது, நீங்களும் எதுவும் கேட்கக் கூடாது. பேச்சு மட்டுமே பத்துப் புள்ளி வரை ஏற்றிவிடும்.

இப்போது பொத்தானை அழுத்துங்கள். எண் வந்ததும் எழுதுங்கள். ஒரு நிமிடம் விட்டு இன்னொரு முறை பாருங்கள். முதல் எண் பெரும்பாலும் கூடுதலாகவே வரும், அதனால்தான் இரண்டு முறை. அதோடு நிறுத்துங்கள். எண் பிடிக்கவில்லை என்று ஐந்தாறு முறை திரும்பத் திரும்ப அழுத்தினால் அவருக்குப் பயம் வரும், அந்தப் பயமே பிரஷரை இன்னும் ஏற்றும்.

முதல் நாள் மட்டும் இரண்டு கையிலும் பாருங்கள். எந்தக் கையில் கூடுதலோ, இனி எப்போதும் அந்தக் கைதான். இரண்டு கைக்கும் மேல் எண்ணில் 15-க்கு மேல் வித்தியாசம் திரும்பத் திரும்ப வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், கைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கலாம். மார்பகப் புற்றுநோய்க்காக அறுவை சிகிச்சை செய்த பக்கத்துக் கையிலும், டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய் இணைப்பு செய்த கையிலும் பட்டை கட்டவே கூடாது.

துடிப்பு சீராக இல்லை என்று மெஷின் அடிக்கடி குறி காட்டினால் அதையும் எழுதுங்கள். இதயத் துடிப்பு தாறுமாறாக இருப்பவர்களுக்கு மெஷின் எண் ஒவ்வொரு முறையும் மாறும், அப்படிப்பட்டவர்களுக்கு மூன்று முறை பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும். அதைவிட முக்கியம், அந்தக் கோளாறே பக்கவாதத்தைக் கொண்டுவரக்கூடியது. ஒரு இசிஜி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

4. ஏழு நாள் நோட்டு

ஒரு எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பிரஷர் நாள் முழுக்க ஏறி இறங்கிக்கொண்டே இருப்பது இயல்பு. டாக்டரைப் பார்க்கப் போகும் முன் ஏழு நாள், காலை இரண்டு, மாலை இரண்டு என்று எழுதுங்கள். ஏழு நாள் முடியாவிட்டால் மூன்று நாளாவது வேண்டும். ஒரு வரி இப்படி இருக்கலாம்:

12-ம் தேதி, காலை 6.40, வலது கை, 148/72, 142/70, துடிப்பு 68, இரவு முழங்கால் வலி, தூங்கவில்லை.

அந்தக் கடைசிக் குறிப்புக்கு மதிப்பு அதிகம். தூக்கமில்லாத இரவு, வலி, மாத்திரை மறந்தது, கல்யாண வீட்டுச் சாப்பாடு, வீட்டில் நடந்த சண்டை எல்லாம் எண்ணை ஏற்றும். குறிப்பு இல்லாவிட்டால் அந்த ஏற்றம் மாத்திரை போதவில்லை என்பது போலத் தெரியும்.

முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மீதியைக் கூட்டிச் சராசரி எடுங்கள். முதல் நாள் அவருக்கும் மெஷின் புதிது, உங்களுக்கும் புதிது. 148 வந்தால் 148 என்றே எழுதுங்கள், 150 என்று முழுமையாக்க வேண்டாம். நல்ல எண்களை மட்டும் எழுதுவதும், பயமுறுத்தும் எண்களை மட்டும் எழுதுவதும் ஒரே அளவுக்குத் தவறு.

ஏழு நாள் முடிந்து அளவு சரியாக இருந்தால் தினமும் பார்க்கத் தேவையில்லை. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் போதும். மாத்திரை மாறும்போது மட்டும் மறுபடி ஏழு நாள்.

5. நிற்கவைத்துப் பார்ப்பது

பெரியவர்களைப் பொறுத்தவரை இந்தப் படி இல்லாமல் நோட்டு முழுமையாகாது. ஆனால் வீட்டில் யாரும் இதைச் செய்வதில்லை. உட்கார்ந்திருக்கும்போது மேல் எண் 140 இருப்பவருக்கு எழுந்து நின்றதும் 110 ஆகலாம். உட்கார்ந்த எண்ணை மட்டும் பார்த்து மருந்தைக் கூட்டினால், நிற்கும்போது இன்னும் இறங்கும். இடுப்பு எலும்பு முறிவில் போய் முடியும் பல விழுகைகள் இப்படித்தான் ஆரம்பிக்கின்றன.

நாம் எழும்போது ரத்தம் காலுக்கு இறங்குகிறது. உடனே ரத்தக்குழாய்கள் சுருங்கி மூளைக்கு ரத்தத்தைத் தக்கவைக்கின்றன. வயதில் இந்தச் சுதாரிப்பு மெதுவாகிறது. நீண்ட நாள் சர்க்கரை நோய், பார்க்கின்சன் நோய், புராஸ்டேட்டுக்குச் சாப்பிடும் சில மாத்திரைகள், தூக்க மாத்திரை இவை இருந்தால் இன்னும் மெதுவாகும்.

செய்முறை: ஐந்து நிமிடம் படுத்திருக்கட்டும், முடியாவிட்டால் உட்காரட்டும். அளந்து எழுதுங்கள். பட்டையைக் கழற்றாமல் எழுந்து நிற்கச் சொல்லுங்கள். ஒரு நிமிடத்தில் ஒருமுறை, மூன்றாவது நிமிடத்தில் ஒருமுறை அளங்கள். பின்னால் நாற்காலி இருக்க வேண்டும், பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். நிற்கும்போதும் கையை நெஞ்சு மட்டத்தில் நீங்கள் தாங்கிப் பிடியுங்கள். கை தொங்கினால் எண் கூடிவிடும், உண்மையான இறக்கம் மறைந்துவிடும்.

மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால், அவருக்குத் தலைசுற்றல் இல்லாவிட்டாலும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். பெரியவர்கள் இதைத் 'தலைசுற்றுது' என்று சொல்ல மாட்டார்கள். 'கண்ணை இருட்டுது', 'கால் நிக்கல', 'ஒரு மாதிரியா இருக்கு' என்பார்கள். மூன்றும் இதே செய்திதான்.

இந்தச் சோதனையை மாத்திரை போட்டு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து ஒருநாளும், மதியச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரத்தில் ஒருநாளும் செய்யுங்கள். வயிறு நிறையச் சாப்பிட்டதும் ரத்தம் குடலுக்குத் திரும்பும், சிலருக்கு அப்போதுதான் பிரஷர் விழும். அப்படிப்பட்டவர்களுக்குச் சோற்றைக் குறைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை கொடுத்தால் குறையும்.

இறக்கம் இருந்தால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆனால் எழும் முறையை அன்றைக்கே மாற்றலாம். ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றி உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டுப் பாதத்தை இருபது முப்பது தடவை மேலும் கீழும் ஆட்டி, அப்புறம் எதையாவது பிடித்துக்கொண்டு எழ வேண்டும். கெண்டைக்கால் தசை அசைந்தால் ரத்தம் மேலே தள்ளப்படும். குத்துக்காலிட்டு உட்காரும் கழிப்பறையிலிருந்து எழும் கணம்தான் ரொம்ப மோசமானது. மேற்கத்திய கழிப்பறை இல்லாவிட்டால், இந்தக் கழிப்பறையின் மேல் போடும் நாற்காலி கிடைக்கிறது, வாங்குங்கள். சுவரில் கைப்பிடி, வழியில் இரவு விளக்கு, இவற்றுக்குச் செலவழிக்கத் தயங்காதீர்கள்.

6. மாத்திரைப் பையைக் கொட்டிப் பார்ப்பது

பையைக் கட்டிலில் கொட்டி, ஒவ்வொரு அட்டையிலும் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். கம்பெனி வைத்த பெயரை நம்ப வேண்டாம். அம்லோடிபின், டெல்மிசார்டன், லோசார்டன், எனலாப்ரில், அட்டெனலால், மெட்டோபுரலால், ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் இவைதான் அதிகம் வரும்.

முதலில் தேட வேண்டியது ஒரே மருந்து இரண்டு பெயரில் இருக்கிறதா என்பதை. பெயரின் வாலில் ஏஎம், ஹெச் போன்ற எழுத்துகள் இருந்தால் அந்த மாத்திரையில் அம்லோடிபினோ நீர் பிரிக்கும் (சிறுநீரை அதிகம் போகவைக்கும்) மருந்தோ சேர்ந்திருக்கிறது என்று பெரும்பாலும் அர்த்தம். தமிழ்நாட்டில் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அது பலருக்கும் பெரிய உதவி. ஆனால் தனியார் டாக்டரிடமும் காட்டுபவர்கள் இரண்டு இடத்து மாத்திரையையும் சேர்த்துச் சாப்பிடுவது நடக்கிறது. இரண்டு பக்கமும் மற்றதைச் சொல்லிவிடுங்கள்.

அடுத்து, பிரஷரை ஏற்றுபவை. மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென், எட்டோரிகாக்சிப் இருந்தால் தனியாக எடுத்து வையுங்கள். இவை உப்பையும் நீரையும் உடம்பில் நிறுத்திப் பிரஷரை ஏற்றும். டெல்மிசார்டன், லோசார்டன் போன்ற சார்டன் வகையோடும் நீர் பிரிக்கும் மாத்திரையோடும் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று கெடலாம். வலிக்கு வேறு என்ன கொடுக்கலாம் என்று டாக்டரைக் கேளுங்கள். மூக்கடைப்பு மாத்திரைகள், ஸ்டீராய்டு, தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் மாத்திரைகளில் உள்ள சோடியம் இவையும் ஏற்றும். நாட்டு மருந்தில் கவனிக்க வேண்டியது அதிமதுரம். இருமலுக்கு என்று தினமும் கஷாயம் வைத்துக் குடித்தால் அது பிரஷரை ஏற்றி, பொட்டாசியத்தைக் குறைக்கும்.

மூன்றாவது, பக்கவிளைவுக்கு மருந்தாக வந்து சேர்ந்த மருந்துகள். அம்லோடிபினால் கணுக்கால் வீங்கும், அதற்கு யாரோ நீர் பிரிக்கும் மாத்திரை சொல்லியிருப்பார்கள். எனலாப்ரில் வகையால் வறட்டு இருமல் வரும், மாதக்கணக்காக இருமல் டானிக் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் பிரஷர் மாத்திரையை மாற்றினால் போதுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அட்டெனலால், மெட்டோபுரலால் சாப்பிடுபவரின் துடிப்பு 50-க்குக் கீழே போனால் உடனே சொல்ல வேண்டும்.

எண் நார்மலுக்கு வந்ததும் 'சரியாயிடுச்சு' என்று மாத்திரையை நிறுத்துவது ரொம்பச் சகஜம். மாத்திரை சாப்பிடுவதால்தான் அது நார்மலாக இருக்கிறது. அட்டெனலால் வகையையும் குளோனிடின் என்ற பிரஷர் மாத்திரையையும் திடீரென நிறுத்தினால் பிரஷர் முன்னைவிட மேலே பாயும்.

ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடக் கூடாது. நீர் பிரிக்கும் மாத்திரை காலையிலேயே போகட்டும், இல்லாவிட்டால் இரவெல்லாம் எழுந்து நடக்க வேண்டிவரும். மற்றவற்றை டாக்டர் குறிப்பாக எதுவும் சொல்லாதவரை மறக்காத நேரத்தில் போடலாம். ஏழு நாளுக்கு அறை பிரித்த மாத்திரை டப்பா ஒன்று வாங்கி ஞாயிற்றுக்கிழமை நிரப்பிவிடுங்கள். போட்டாரா இல்லையா என்ற வாக்குவாதம் வராது, அறையைத் திறந்தால் தெரிந்துவிடும்.

7. டாக்டரிடம் போகும்போது

நோட்டு, மாத்திரைப் பை, பழைய ரத்தப் பரிசோதனை மூன்றும் கையில் இருக்கட்டும். நேரம் குறைவாகத்தான் கிடைக்கும். முதலில் சராசரியைச் சொல்லுங்கள், அடுத்து நின்றபோது வந்த எண், அடுத்து கடந்த மாதங்களில் விழுந்தாரா, தலைசுற்றியதா. வருடத்துக்கு ஒருமுறையாவது மெஷினையும் எடுத்துப்போய் அங்குள்ள கருவியோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கேட்க வேண்டியவை மூன்று. இவருக்கு எந்த எண் இலக்கு? எந்த எண்ணுக்குக் கீழே போனால் உங்களைக் கூப்பிட வேண்டும்? வாந்தி, பேதி வந்தால் எந்த மாத்திரையை நிறுத்தி வைக்க வேண்டும்? பதிலை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

சார்டன், எனலாப்ரில் வகையோ நீர் பிரிக்கும் மாத்திரையோ புதிதாக ஆரம்பித்தால், சில வாரங்களில் ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), சோடியம், பொட்டாசியம் பார்க்க வேண்டும். டாக்டர் எழுதவில்லை என்றால் நினைவுபடுத்துங்கள். புதிய மாத்திரையின் முழுப் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். மூன்றாம் நாளே குறையவில்லை என்று வேறு டாக்டரிடம் ஓடினால் மருந்து மேல் மருந்து சேரும்.

8. உப்பு

உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவு, அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் சற்றுக் குறைவு. உங்கள் வீட்டுக் கணக்கைப் பார்க்க எளிய வழி உப்புப் பாக்கெட். நான்கு பேர் இருக்கும் வீட்டுக்கு அந்த அளவில் மாதம் 600 கிராம்தான் ஆக வேண்டும். ஒரு கிலோ பாக்கெட் மாதக் கடைசியில் தீர்ந்துபோனால் ஆளுக்கு 8 கிராமுக்கு மேல் போகிறது. ஊறுகாயும் அப்பளமும் இதில் சேராது.

பெரியவருக்கு மட்டும் தனியாக உப்பில்லாமல் சமைக்காதீர்கள். அது அவரை ஒதுக்கி வைப்பது போல ஆகிவிடும், சாப்பாடே இறங்காது. வீட்டுக்கே சேர்த்து, வாரா வாரம் கொஞ்சமாகக் குறையுங்கள். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். எலுமிச்சை, மிளகு, இஞ்சி, கொத்தமல்லி கொஞ்சம் தூக்கலாக இருந்தால் குறை தெரியாது.

குழம்பில் குறைப்பதைவிடத் தட்டின் ஓரத்தில் குறைப்பது பலன் தரும். ஊறுகாய், அப்பளம், வற்றல், மோர் மிளகாய், கருவாடு, மிக்சர். சாதம் வடிக்கும்போது போடும் உப்பு, மோரில் போடும் உப்பு இரண்டையும் முதலில் நிறுத்துங்கள். பஜ்ஜி மாவில் போடும் சோடா உப்பிலும் அப்பளத்திலும் சோடியம் உண்டு. பிரெட், பிஸ்கட்டிலும் உண்டு. இந்துப்புக்கு மாறினால் பிரஷர் குறையாது, அதுவும் சோடியம் குளோரைடுதான்.

சோடியம் குறைத்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர், சார்டன், எனலாப்ரில், ஸ்பைரனோலாக்டோன் சாப்பிடுபவர் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது. பொட்டாசியம் அளவுக்கு மேல் போனால் இதயத் துடிப்பே பாதிக்கப்படும். தினமும் இளநீர் குடிப்பதற்கும் இதே எச்சரிக்கை.

மறுபக்கமும் உண்டு. ஏற்கெனவே கால் வயிறு சாப்பிடும் பாட்டிக்கு உப்பை அடியோடு நிறுத்தி, நீர் பிரிக்கும் மாத்திரையும் கொடுத்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். சோர்வு, தள்ளாட்டம், சம்பந்தமில்லாத பேச்சு வரும். வயதாகிவிட்டது, ஞாபகம் தப்புகிறது என்று வீட்டில் நினைத்துக்கொள்வார்கள். திடீரென ஆள் மாறினால் சோடியம் பார்க்கச் சொல்லுங்கள்.

9. நடையும் தூக்கமும்

தினமும் அரை மணி நேரம், பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில் நடந்தால் போதும். ஒரே மூச்சில் முடியாவிட்டால் மூன்றாகப் பிரிக்கலாம். மூச்சைப் பிடித்துக் கனம் தூக்குவது கூடாது, அந்த நேரத்தில் பிரஷர் பாயும். பலமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று திணறுகிறார் என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். எத்தனை மாத்திரை போட்டாலும் குறையாத பிரஷருக்கு அது ஒரு காரணம்.

10. வெயில், வயிற்றுப்போக்கு, விரதம்

கோடையில் ரத்தக்குழாய்கள் விரிந்திருக்கும், வியர்வையில் நீரும் உப்பும் போகும், அதனால் பிரஷர் இறங்கும். மார்கழிக் குளிரில் ஏறும். மார்கழியில் கூட்டிய மாத்திரை கத்திரி வெயிலில் அதிகமாகிவிடலாம். சித்திரை பிறந்ததும் மறுபடி ஏழு நாள் நோட்டு எழுதி, நின்ற எண்ணையும் பார்த்து டாக்டரிடம் காட்டுங்கள்.

வாந்தி, பேதி, சாப்பிட முடியாத காய்ச்சல் வந்தால் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள். நீர் வற்றிய உடம்பில் நீர் பிரிக்கும் மாத்திரையும் சார்டனும் சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

ஏகாதசி, கிருத்திகை, நோன்பு நாட்களில் பிரஷர் மாத்திரையை விட்டுவிடுபவர்கள் உண்டு. பகலில் தண்ணீர் குடிக்கும் விரதம் என்றால் மாத்திரையைத் தண்ணீரோடு போடலாம். தண்ணீரும் கூடாத நோன்பு என்றால் முன்கூட்டியே டாக்டரிடம் நேரத்தை மாற்றிக் கேளுங்கள். சர்க்கரை நோய்க்கும் மாத்திரை சாப்பிடுபவர் இதைக் கேட்காமல் விரதமே இருக்கக் கூடாது.

11. எப்போது உடனே கிளம்ப வேண்டும்

180/120-ஐ எட்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பார்வை மங்கல், தாங்க முடியாத தலைவலி, குழப்பம், கை கால் பலவீனம் இதில் ஒன்று இருந்தாலும் 108-க்குப் போன் செய்யுங்கள்.

எண் மட்டும் அவ்வளவு இருந்து, ஆள் தெளிவாக, தொந்தரவு எதுவும் இல்லாமல் இருந்தால் பதற வேண்டாம். உட்காரவைத்து, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மாத்திரை மறந்தாரா, வலி இருக்கிறதா, சிறுநீர் அடைத்திருக்கிறதா என்று கேளுங்கள். அன்றைக்கே டாக்டரிடம் பேசுங்கள். நீங்களாகக் கூடுதல் மாத்திரை கொடுக்கவோ, நாக்குக்கு அடியில் நிஃபெடிபின் என்ற பிரஷர் மருந்தை வைக்கவோ கூடாது. மூளைக்கும் இதயத்துக்கும் போகும் ரத்தம் சட்டென்று குறைந்து, இல்லாத பக்கவாதம் வந்துவிடலாம்.

மேல் எண் 90-க்குக் கீழே போய் மயக்கம் வந்தால், தட்டையாகப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். உடனே தெளியாவிட்டால் 108.

வாய் ஒரு பக்கம் கோணினால், ஒரு கையைத் தூக்க முடியாவிட்டால், பேச்சு குழறினால் அது பக்கவாதம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மெஷினைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். எண் எவ்வளவு இருந்தாலும் போக வேண்டியதுதான். தண்ணீர், காபி, மாத்திரை எதுவும் வாயில் கொடுக்காதீர்கள், விழுங்கும் சக்தி போயிருந்தால் புரையேறும். பிரஷர் மாத்திரையோ ஆஸ்பிரினோ அப்போது நீங்களாகக் கொடுக்கக் கூடாது, ரத்தக்கசிவா அடைப்பா என்பது ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். அடைப்பைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. அதனால் அவர் கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். ஸ்கேன் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு என்று 108-ல் சொல்லுங்கள். நோட்டையும் மாத்திரைப் பையையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால், அதை ஆம்புலன்ஸில் வருபவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.